காலி எடை

வேலந்தாவளத்தில், செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம்
அறுபது டன் எடைமேடையில்
எனக்கு ராத்திரி வேலை.
தக்காளி, பூசணி, வைக்கோல், கோழித்தீவனம்
எது வந்தாலும் இரண்டு தடவை ஏறி இறங்கணும்.
பாரத்தோடு ஒன்று, காலியாய் ஒன்று.
கழித்தால் வருவது சரக்கு.
மீதி, வண்டி.

என்னிடம் அந்தக் கணக்கு ஓடவில்லை.

குடலில் புண் என்று சொன்னால்
காரத்தைக் குறைச்சுக்கோ என்பார்கள்.
ஆறு வருஷமாய், பெருங்குடல் முழுக்க, என்றால்
மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பார்கள்.
ரத்தமாய்ப் போவதை
நான் யாரிடமும் சொன்னதில்லை.

முதல் வருஷம் பதினோரு கிலோ போனது.
கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு
ஒரு நாளைக்குப் பதினாலு தடவை ஓடினேன்.
தீவனக்கடை ரம்லத் என் கன்னத்தைத் தொட்டு,
"இளைச்சுப் போயி அழகா இருக்கறயே,
என்னதான் சாப்பிடறே?" என்றாள்.
கஞ்சித்தண்ணி என்றேன்.
பாவம், அவளும் ஒரு வாரம் குடித்துப் பார்த்தாள்.

பிறகு அந்த வெள்ளை மாத்திரை.
நாற்பது மில்லிகிராமில் தொடங்கி
வாரம் ஐந்தைந்தாய் இறங்கச் சொன்னார்கள்.
மாத்திரை இறங்கியது. நான் ஏறினேன்.
இரண்டு மணிக்குப் பசி வந்து தோளைப் பிடித்து உலுக்கும்.
மூட்டை இறக்கின ஆள் மாதிரி தின்பேன்,
தின்ற கை காய்வதற்குள் அடுத்த பசி.
முகம் வட்டமாகிவிட்டது.
ஆதார் அட்டையில் இருப்பவள்
இப்போது என் சித்தி மகள் மாதிரி இருக்கிறாள்.

பாலக்காட்டு டாக்டர் தராசைப் பார்த்துச் சிரித்தார்:
"தடி வெச்சல்லோ, நன்னாயி."
நான் இளைத்தால்தான் அவருக்குப் பயம்.
கோயமுத்தூரில்
முட்டிக்கும் சர்க்கரைக்கும் பார்க்கிறவர்
கண்ணாடியை இறக்கிக்கொண்டு,
"எட்டு கிலோ குறைச்சுட்டு வாங்கம்மா."
நடுவில் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற நேரம் மட்டும்
நான் யாருக்கும் அதிகமில்லை.

குறைப்பதற்கு ஒரு தாளும் தந்தார்.
கீரை, முளைகட்டிய பயறு, கம்பு,
தோலோடு கொய்யா, பச்சையாய்க் கேரட்.
பாலக்காட்டில் தந்த தாளிலும் இதேதான் இருக்கிறது,
அதே வரிசையில்கூட,
மேலே சிவப்பு மையில் 'வேண்டா' என்று.
எனக்கு ஒத்துக்கொள்வது
குழைந்த வெள்ளைச் சோறும் மோரும்.

நடக்கவும் சொன்னார், தினம் ஐந்து கிலோமீட்டர்.
நடக்கிறேன்.
மேடையிலிருந்து பெட்ரோல் பங்க் நானூறு மீட்டர்.
கக்கூஸ் சாவி சுகதனிடம் இருக்கும்,
என் நடையின் வேகத்தைப் பார்த்துக்
கேட்காமலே நீட்டுவான்.
அங்கிருந்து பஸ் ஸ்டாண்டு, கட்டணக் கழிப்பிடம்.
சில்லறை எப்போதும் இடது கையில்.
அதற்கு அப்பால் தென்னந்தோப்பு, வாய்க்கால்,
மலை தெரிகிற நேர் ரோடு, நல்ல காற்று.
அந்த முனையில் நான் திரும்பிவிடுவேன்.

ஆறு மாசத்தில் இரண்டு கிலோ குறைந்திருக்கிறது.
சட்டென்று சந்தோஷப்பட முடியாது.
முதலில் குனிந்து நிறத்தைப் பார்க்கணும்.
நிறம் சரியென்றால்தான் அதற்குப் பேர் இளைப்பு.

நேற்று மூன்றரை மணிக்கு ரோட்டில் ஒன்றுமில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு
லாரி நிற்கிற இடத்தில் போய் நின்றேன்.
வெளிப் பலகையில் சிவப்பாய் 80.
போன சித்திரையிலும் இதே எண்பது.
பத்துப் பத்தாய்த்தான் இந்த மேடைக்கு எண்ணத் தெரியும்.
என் இரண்டு கிலோ,
அதற்காகப் பல்லைக் கடித்துக் கிடந்த ராத்திரிகள்,
இதற்கு ஈ உட்கார்ந்த மாதிரி.
ஏனோ கோபம் வரவில்லை.
இரும்பு சில்லென்றிருந்தது.
தராசின் மேல் இவ்வளவு நேரம்
நான் சும்மா நின்றதே இல்லை.

பூசணி லாரி விளக்கை இரண்டு தரம் சிமிட்டியது.
குஞ்ஞாலன் தலையை வெளியே நீட்டி,
"சேச்சி, பாரமோ காலியோ?"

நல்ல பதிலாய் ஒன்று வாய்வரை வந்தது.
வயிறு முந்திக்கொண்டது.
இரண்டு நிமிஷம் என்று விரலைக் காட்டிவிட்டுச்
செருப்பில்லாமலே ஓடினேன்.